பி.எஸ்.ஏ. 7.8, எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பை-ராட்ஸ் 3: அப்பாவுக்கு பயாப்ஸி தேவையா?

வேளச்சேரி மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 67. அம்மாவுடன் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். சென்ற மாதம் செய்துகொண்ட மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் அவருடைய பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்தின் இரத்த அளவு) 7.8 என்று வந்தது. செக்கப் செய்த இடத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டில் 'பி.எஸ்.ஏ. உயர்வு' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஸ்கேன் சென்டரில் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் சில இடங்களைப் பளிச்சிடச் செய்யும் மருந்து) போட்டு எடுக்கலாம், போடாமலும் எடுக்கலாம் என்றார்கள். அப்பாவுக்கு ஊசி என்றாலே ஆகாது என்பதால் போடாமல் எடுத்தோம்.

அறிக்கையில் இருப்பதை எனக்குப் புரிந்தவரை தமிழில் தருகிறேன். புராஸ்டேட் சுரப்பியின் அளவு 5.2 × 4.6 × 5.0 செ.மீ.; கன அளவு 62 சி.சி. உள் பகுதியில் வயதானால் வரும் சாதாரண வீக்கத்தின் முடிச்சுகள் உள்ளன. புற மண்டலத்தில் (சுரப்பியின் வெளிப்பகுதி) இடப்பக்கம் நடுவில் 9 மி.மீ. அளவில் ஓர் இடம் சற்று மாறுபட்டுத் தெரிகிறது; அதற்கு பை-ராட்ஸ் 3. சுரப்பியின் உறை சிதையவில்லை. நிணநீர்க் கணுக்கள் பெரிதாகவில்லை. பி.எஸ்.ஏ. அடர்த்தி 0.13.

அப்பா அந்த 3 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்று தாமே முடிவு செய்துகொண்டார். ஃபிலிம் உறையை அம்மாவின் கண்ணில் படாமல் பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அம்மாவோ ஒட்டடை அடிக்கும்போது அதை எடுத்துப் பார்த்துவிட்டு, தெரியாததுபோல் அதே இடத்தில் வைத்துவிட்டார். ஒரு மருத்துவர் உடனே பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், அடர்த்தி குறைவாக இருப்பதால் ஆறு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்தால் போதும் என்கிறார். இருவருமே அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். ஒரே அறிக்கைக்கு இரண்டு பதில் எப்படி வரும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

படம் படிப்பவர் (கதிரியக்க மருத்துவர், சென்னை):

முதலில் உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் அம்மா: பை-ராட்ஸ் எண்ணுக்கும் புற்றுநோயின் கட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சிகிச்சை தேவைப்படும் அளவிலான புற்றுநோய் அங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுச் சொல்லும் முறை அது. 2012-இல் ஐரோப்பாவில் தொடங்கி, 2015-இல் திருத்தப்பட்டு, 2019-இல் வந்த 2.1 என்ற பதிப்பைத்தான் இப்போது நாங்கள் பின்பற்றுகிறோம். 1, 2 என்றால் வாய்ப்பு குறைவு. 4, 5 என்றால் அதிகம். 3 என்றால், படம் பார்ப்பவர் நேர்மையாக 'இதை வைத்து மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை' என்று எழுதியதாகக் கொள்ளுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் 3 என்று வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் பயாப்ஸியில் அத்தகைய புற்று தெரியவருகிறது. மீதி நால்வருக்கு அது பழைய அழற்சியின் தழும்பாகவோ, தீவிரமில்லாத ஒன்றாகவோ இருந்துவிடுகிறது.

நாங்கள் படத்தை எப்படிப் பார்க்கிறோம் என்பது தெரிந்தால் அந்த 3 எங்கிருந்து வந்தது என்பதும் தெளியும். சுரப்பியைக் குறுக்கே வெட்டியதுபோல் காட்டும் டி2 என்ற எம்.ஆர்.ஐ. படவகையில், வெளிப்புறமாக வளைந்திருக்கும் புற மண்டலம் நீர்ச்சத்தால் வெளுப்பாகத் தெரியும். உள்ளே இருக்கும் இடைநிலை மண்டலம் வயதாக ஆக உருண்டை உருண்டையான முடிச்சுகளால் நிரம்பிவிடும். முடிச்சுக்கு முழுமையான கரை இருந்தால் கவலை இல்லை. கரையே இல்லாமல் கரிக்கட்டையால் தேய்த்துவிட்டதுபோல் கறுத்திருந்தால்தான் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அடுத்தது டிஃப்யூஷன் படம். திசுவுக்குள் நீரின் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நடமாடுகின்றன என்பதை அது காட்டும். புற்றணுக்கள் நெருக்கியடித்து வளரும் இடத்தில் நீருக்கு நகர இடம் இருக்காது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குள் போனவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்த நெரிசல் ஒரு படத்தில் வெளிச்சமாகவும், ஏ.டி.சி. என்ற துணைப்படத்தில் கறுப்பாகவும் விழும். புற மண்டலத்தில் எண்ணைத் தீர்மானிப்பது இந்த டிஃப்யூஷன் படம். இடைநிலை மண்டலத்தில் தீர்மானிப்பது டி2 படம்.

கான்ட்ராஸ்ட் ஊசியின் பங்கு மிகச் சிறியது. ஆனால் உங்கள் அப்பாவின் விஷயத்தில் அந்தச் சிறிய பங்குதான் விடுபட்டிருக்கிறது. புற மண்டலத்தில் டிஃப்யூஷன் படத்தில் 3 என்று வரும் இடம், மருந்து செலுத்தியதும் சுற்றியுள்ள திசுவுக்கு முன்பாகவோ அதனுடன் சேர்ந்தோ பளிச்சிட்டால், 3 என்பது 4 ஆக உயரும். ஊசி இல்லாமல் எடுத்தால் அந்த வாய்ப்பு கிடையாது; 3 என்பது 3 ஆகவே நின்றுவிடும். இதற்காக ஊசி போடாதது தவறு என்று நினைத்துவிடாதீர்கள். 2025-இல் வெளிவந்த பிரைம் என்ற பன்னாட்டு ஆய்வில் 490 பேருக்கு இரண்டு விதமாகவும் படங்களைப் படித்துப் பார்த்தார்கள். முக்கியமான புற்று, அதாவது சிகிச்சை தேவைப்படும் அளவிலானது, கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஊசியோடும் ஊசியில்லாமலும் 29 விழுக்காட்டை ஒட்டியே இருந்தார்கள். படம் தரமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மலக்குடலில் வாயு நிறைந்திருந்தாலோ இடுப்பில் உலோக மூட்டு வைத்திருந்தாலோ டிஃப்யூஷன் படம் நெளிந்துவிடும்; அப்போது ஊசிப் படம் கைகொடுக்கும்.

இனி அடர்த்தி. பெரிய சுரப்பி இயல்பாகவே கூடுதலாகப் பி.எஸ்.ஏ. சுரக்கும் என்பதால் பி.எஸ்.ஏ. எண்ணைச் சுரப்பியின் கன அளவால் வகுத்துப் பார்க்கிறோம். உங்கள் அறிக்கையிலுள்ள மூன்று அளவுகளையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் 62 வருகிறது; 7.8-ஐ 62-ஆல் வகுத்தால் 0.13. பொதுவாக 0.15 என்பதை எல்லைக்கோடாக வைத்திருக்கிறோம். 3 என்ற எண்ணும் 0.15-க்குக் கீழான அடர்த்தியும் சேர்ந்து வந்தால் காத்திருக்கலாம் என்று சொல்வது முறையான யோசனைதான். ஆறு மாதம் என்று சொன்னவர் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்.

ஆனால் அந்தக் கணக்கு 7.8 என்பது நம்பத்தக்க எண்ணாக இருந்தால்தான் செல்லும். ஆகவே மூன்று விவரங்கள் தேவை. செக்கப்புக்கு முந்தைய சில வாரங்களில் சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, கதீட்டர் (சிறுநீர் வெளியேற வைக்கும் குழாய்) ஏதாவது இருந்ததா? இதற்கு முன் எப்போதாவது பி.எஸ்.ஏ. பார்த்திருக்கிறாரா? தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? மாத்திரையின் பெயரை அட்டையைப் பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

பெரம்பூர் ஓய்வூதியர்:

மகளே, மருத்துவர் ஐயா கேட்ட கேள்விகளை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக என் கதையைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 5 என்றே எழுதிவிட்டார்கள். வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை. மூத்த மகன் பெங்களூரிலிருந்து இரவோடு இரவாகப் பஸ் ஏறி வந்தான்.

பயாப்ஸி முடிவில் புற்றுநோய் இல்லை; கிரானுலோமா என்ற ஒருவகை அழற்சி என்று வந்தது. காரணத்தைப் பிறகுதான் விளக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சிறுநீர்ப்பையில் எனக்குச் சிறிய புற்றுக் கட்டி இருந்து, அதை எடுத்த பிறகு பி.சி.ஜி. மருந்தை வாரம் ஒருமுறை சிறுநீர்ப்பைக்குள் செலுத்தியிருந்தார்கள். பிறந்த குழந்தைக்குக் காசநோய் வராமல் கையில் போடுகிறார்களே, அதே கிருமிதான். அது புராஸ்டேட்டிலும் அழற்சியை உண்டாக்கும், அந்த அழற்சி எம்.ஆர்.ஐ.-யில் அச்சு அசலாகப் புற்றுபோலவே தெரியும் என்றார்கள். ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டில் எனக்கும் 'பி.எஸ்.ஏ. உயர்வு' என்று ஒரு வரிதான். பி.சி.ஜி. பற்றி எழுதவும் இல்லை, என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. என் பழைய ஃபைல் முழுவதும் மடியில்தான் இருந்தது. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

பி.சி.ஜி. விவரம் முன்பே தெரிந்திருந்தாலும் எனக்குப் பயாப்ஸி தேவைப்பட்டிருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் முடிவு வரும்வரை காத்திருந்த அந்தப் பத்து நாள் வீடு வேறு மாதிரி இருந்திருக்கும்.

குரோம்பேட்டை நண்பர்:

எனக்கும் பி.எஸ்.ஏ. 6-க்கு மேல் போனது. எங்கள் தெரு மருத்துவர் மூன்று வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார், 4.5-க்கு இறங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ., பயாப்ஸி என்று அலைவதற்கு முன் உங்கள் அப்பாவுக்கும் அதைக் கொடுத்துப் பார்க்கலாமே.

அண்ணாநகர் யூராலஜி (சிறுநீரக அறுவை மருத்துவர்):

குரோம்பேட்டை நண்பருக்கு நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. எனினும் இதைப் பொது யோசனையாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல், சிறுநீர்ப் பரிசோதனையிலும் தொற்று இல்லாமல் இருப்பவருக்கு பி.எஸ்.ஏ.-யைக் குறைப்பதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பயன் இல்லை. பி.எஸ்.ஏ. தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. மருந்தே கொடுக்காமல் சில வாரம் கழித்துப் பார்த்தாலும் பலருக்கு இறங்கியிருக்கும். புற்றுநோய் உள்ளவர்களுக்கும் அப்படி இறங்குவதுண்டு என்பதுதான் இதிலுள்ள அபாயம். மேலும் நம் ஊரில் சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளில் பெரும்பகுதி சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. காரணமின்றி அம்மருந்துகளைச் சாப்பிட்டவருக்குப் பிறகு பயாப்ஸி செய்ய நேர்ந்தால் தொற்றைச் சமாளிப்பது எங்களுக்குத்தான் சிரமம்.

எம்.ஆர்.ஐ.-க்கு முன் ஒருமுறை பி.எஸ்.ஏ.-யைத் திரும்பப் பார்த்திருக்கலாம் என்பதில் மட்டும் எனக்கும் உடன்பாடே.

வேளச்சேரி மகள்:

நேற்று மாம்பலம் போய் அப்பாவின் மாத்திரை டப்பாவை மேசையில் கொட்டிப் பார்த்தேன். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. அவற்றோடு இரவில் 'யூரின் மாத்திரை' ஒன்று போடுவதாகச் சொன்னார். அட்டையின் பாதி ஏற்கெனவே கிழிந்திருந்தது. மீதியில் வெள்ளித் தாளில் பொடி எழுத்தில் டாம்சுலோசின் 0.4 மி.கி., டுட்டாஸ்டெரைடு 0.5 மி.கி. என்று இருக்கிறது. இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்க வேண்டியிருந்ததால் சென்ற ஆண்டு பொங்கலுக்குப் பிறகு ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தாராம். அதன் பிறகு அவரிடம் போகவே இல்லை. மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்கி, பதினான்கு மாதமாகச் சாப்பிட்டு வருகிறார்.

அந்த ஃபைலைத் தேடியதில் இரண்டு பழைய ரிப்போர்ட் கிடைத்தன. மாத்திரை தொடங்குவதற்கு முன் பி.எஸ்.ஏ. 8.9. ஏழு மாதம் கழித்து 4.6. அதைப் பார்த்து 'பாதியாகக் குறைந்துவிட்டது, சரியாகிவிட்டது' என்று நிம்மதியாக இருந்துவிட்டாராம். தொற்று, கதீட்டர் எதுவும் இல்லை. ஹெல்த் செக்கப்பிலோ ஸ்கேன் சென்டரிலோ மாத்திரை பற்றி யாரும் கேட்கவில்லை; 'பி.பி., சுகர் இருக்கிறதா' என்பதோடு சரி.

படம் படிப்பவர்:

நான் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சீட்டில் அந்த ஒரு மாத்திரையின் பெயர் இருந்திருந்தால் 0.13 என்ற எண்ணை அப்படியே அச்சிட்டிருக்க மாட்டார்கள். விளக்கத்தை யூராலஜி ஐயாவே தரட்டும்.

அண்ணாநகர் யூராலஜி:

இந்த அட்டைதான் விடை. டுட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு இரண்டும் ஆண் ஹார்மோனின் வீரியத்தைச் சுரப்பிக்குள் குறைத்து வீக்கத்தைச் சுருக்கும் மருந்துகள். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்ந்து சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாகும். அது மருந்தின் விளைவு. புற்றுநோய் இல்லை என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை. ஆகவே இம்மாத்திரை சாப்பிடுபவரின் பி.எஸ்.ஏ.-யை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். உங்கள் அப்பாவின் 7.8 உண்மையில் 15.6-க்குச் சமம். அதை 62-ஆல் வகுத்தால் 0.25. மாத்திரை சுரப்பியையும் ஓரளவு சுருக்கியிருக்கும் என்பதால் இதைத் துல்லியமான எண்ணாகக் கொள்ள முடியாது. ஆனாலும் எல்லைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர் வெகுவாக மேலே போய்விட்டார் என்பதில் ஐயமில்லை. (முடி உதிராமல் இருக்க இளைஞர்கள் சாப்பிடும் 1 மி.கி. ஃபினாஸ்டெரைடும் பி.எஸ்.ஏ.-யைக் குறைக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன்.)

அடர்த்தியைவிட என் கண்ணை உறுத்துவது வேறொன்று. 8.9 என்பது 4.6 ஆனது மருந்து வேலை செய்ததன் அடையாளம். மருந்தை விடாமல் சாப்பிடும்போதே அது 4.6-இலிருந்து 7.8-க்கு ஏறியிருக்கிறது. இம்மாத்திரையில் இருப்பவருக்குத் தாழ்ந்த அளவிலிருந்து பி.எஸ்.ஏ. ஏறுவது, ஏறிய எண் சிறியதாக இருந்தாலும், கவனிக்க வேண்டிய குறி. இடையில் மாத்திரையை நாட்கணக்கில் விட்டிருந்தாலும் ஏறும் என்பதால் அதை மட்டும் அவரிடம் கேட்டுவிடுங்கள். விடவில்லை என்றால், நான் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பயாப்ஸி செய்துகொள்ளச் சொல்வேன். இரு மருத்துவர்களும் வேறு வேறு பதில் சொன்னதற்கு அறிக்கை காரணமில்லை. அறிக்கையில் இல்லாத ஒன்றை ஒருவர் ஊகித்திருக்கலாம்.

பயாப்ஸி என்றதும் பயம் வருவது இயல்பு. முன்பெல்லாம் மலக்குடல் வழியாக, கண்ணை மூடிக்கொண்டு குத்துவதுபோல், பன்னிரண்டு இடத்தில் எடுப்போம். 2017-இல் வந்த புரோமிஸ் என்ற பிரிட்டன் ஆய்வில் 576 பேருக்கு அந்தப் பழைய பயாப்ஸியையும் எம்.ஆர்.ஐ.-யையும் ஒப்பிட்டார்கள், முக்கியமான புற்றுகளில் எம்.ஆர்.ஐ. 93 விழுக்காட்டைச் சுட்டிக்காட்டியது, பழைய பயாப்ஸி 48 விழுக்காட்டைத்தான் பிடித்தது. அடுத்த ஆண்டு வந்த பிரிசிஷன் ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துச் சந்தேகமான இடத்தில் மட்டும் குறிவைத்து எடுத்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கு முக்கியமான புற்று தெரியவந்தது. பழைய முறையில் 26. சிகிச்சை தேவைப்படாத சிறு புற்றைத் தோண்டியெடுத்து வீணாகக் கலவரப்படுத்துவதும் 22 விழுக்காட்டிலிருந்து 9-க்குக் குறைந்தது. எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தால் புற்றே இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியாது என்பதையும் இதே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் குத்த வேண்டிய இடத்தை அது காட்டிவிடுகிறது.

இப்போது விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக எடுக்கும் முறை சென்னையில் பல இடங்களில் இருக்கிறது. மலக்குடலுக்குள் ஊசி போகாததால் தொற்று அபாயம் குறைவு. எம்.ஆர்.ஐ. படத்தை அல்ட்ராசவுண்டுடன் பொருத்திக் குறிவைப்பதற்கு ஃபிலிம் பயன்படாது. ஸ்கேன் சென்டரிலிருந்து அந்தப் படங்கள் பதிந்த சி.டி. தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரெல் போன்றவை சாப்பிட்டால் அவராகவே நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யட்டும். டுட்டாஸ்டெரைடையும் இப்போது நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் எண்கள் இன்னும் குழம்பும்.

ஒருவேளை புற்று என்றே வந்தாலும் மறுநாளே கத்தி எடுக்க வேண்டியதில்லை. சுரப்பிக்குள்ளேயே இருக்கும் புற்றைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்ற மூன்று வழியில் கையாண்டு பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்த புரொடெக்ட் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. 1,643 பேரில் அந்நோயால் இறந்தவர்கள் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. மூன்று பிரிவுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தீவிரம் குறைந்த நோயுள்ளவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவுக்கு எந்த வகை என்பது திசுவைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

வேளச்சேரி மகள்:

மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறார். இரவு பாலோடு எடுத்துக் கொடுப்பதே அவர்தானாம். அப்பா ஆஸ்பிரின் எதுவும் சாப்பிடுவதில்லை.

முதலில் பயாப்ஸி சொன்ன மருத்துவரிடமே இன்று காலை போனோம். மாத்திரை அட்டையை மேசையில் வைத்ததும், பேனாவை எடுத்து அறிக்கையில் 0.13 என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் 0.25 என்று எழுதினார். அடுத்த வியாழக்கிழமை காலை தோல் வழியாக எடுப்பதாக முடிவாகியிருக்கிறது. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாமாம். ஸ்கேன் சென்டரில் சி.டி. வாங்கிவிட்டேன். ஃபிலிம் உறை இப்போது கூடத்து மேசையில் இருக்கிறது. அப்பா அதன் மேல் தம்முடைய மூன்று மாத்திரைகளின் பெயரையும் அளவையும் தம் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.